அப்பாவின் போனைக் கட் செய்த ரவுண்டு

கேள்வி: பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஐந்து பேர் அணியாகத் துப்பாக்கியோடு மோதும் வாலரண்ட் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஆறு மாதமாக கோல்டு 3 ரேங்க்கிலேயே நிற்கிறேன். இரண்டு ரவுண்டு தொடர்ந்து தோற்றால் கோபத்தில் நிதானம் இழந்து டில்ட் ஆகிவிடுகிறேன். காலையில் ஆப் வைத்து 20 நிமிடம் தியானம் செய்கிறேன். மேட்ச் முடிந்ததும் 'எய்ம் வரவில்லை', 'டீம் மோசம்', 'பிங் எகிறியது' (நெட் தாமதம்) என்று தவறுகளை நோட்டில் எழுதுகிறேன். ராத்திரி 8 மணிக்கு உட்கார்ந்தால் 1 மணி வரை ஆடுவேன். அப்பா பாவூர்சத்திரத்திலிருந்து கொல்லத்துக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறார். 10 மணி வாக்கில் புளியரை செக்போஸ்ட்டில் வண்டி நிற்கும்போது போன் செய்வார், மேலே ஏறிவிட்டால் சிக்னல் சரியாகக் கிடைக்காது என்று. மேட்ச் நடுவில் எடுக்க முடியாமல் கட் செய்துவிடுவேன். என்ன ராசியோ, அந்த ரவுண்டில் எப்படியும் செத்துவிடுகிறேன். தியானமும் நோட்டும் இருந்தும் ரேங்க் ஏன் ஏறவில்லை?
– செங்கோட்டை வாசகர்

பதில்: தம்பி, அப்பாவின் போனைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு 'என்ன ராசியோ' என்று கடந்துவிட்டாய். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். உன் கடிதத்தில் உன்னை நீ உண்மையாகக் கவனித்த இடம் அது ஒன்றுதான்.

இதில் ராசி எதுவும் கிடையாது. போன் அதிர்கிறது, கண் திரையை விட்டு விலகுகிறது, கீபோர்டில் இருந்த இடது கை போனுக்குப் போகிறது. அந்த நேரத்தில் எதிராளியின் காலடிச் சத்தம் காதில் விழுந்தாலும் மனதில் ஏறாது. அது சின்ன நஷ்டம்தான், உடனே ஈடுகட்டிவிடலாம். நீ ஈடுகட்டுவதில்லை. அப்பா என்ன நினைத்திருப்பார், காலையில் கேட்டால் தூங்கிவிட்டேன் என்று சொல்லலாமா என்று மனம் அங்கேயே சுற்றுகிறது. அந்த உறுத்தலை மறக்க அவசரமாக யாரையாவது சுட்டு ஒரு கில் எடுக்கப் பார்க்கிறாய். எட்டிப்பார்க்கத் தேவையில்லாத மூலையில் எட்டிப்பார்த்துச் சாகிறாய். பிறகு நோட்டில் 'எய்ம் வரவில்லை' என்று எழுதுகிறாய். இத்தனை நாள் எழுதிய நோட்டில் 'அப்பா போனைக் கட் செய்தேன்' என்று ஒரு தடவையாவது எழுதினாயா?

புளியரையைத் தாண்டினால் எஸ் வளைவு, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை என்று மலைப்பாதை. லோடு வண்டியோடு ராத்திரியில் அதில் ஏறப்போகிற மனிதர், ஏறுவதற்கு முன் வீட்டுக் குரல் ஒன்றைக் கேட்டுவிட்டுப் போக நினைக்கிறார். நீ கட் செய்கிறாய். மறுநாளும் அவர்தான் போன் செய்கிறார். உன் கம்ப்யூட்டரும் நெட் பில்லும் அந்த லோடு வாடகையில் வந்தவை. ரேங்க் ஏறினாலும் ஏறாவிட்டாலும் இந்தப் பழக்கம் இன்றோடு நிற்க வேண்டும். பெற்றவர் பேச நினைக்கும் நேரத்துக்குப் பிள்ளை தன் நேரத்தை ஒதுக்கித் தரவேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

இனி உன் நோட்டு. 'டீம் மோசம்' என்பது தீர்ப்பு. அதை வைத்துக்கொண்டு நாளைக்கு நீ எதையும் மாற்ற முடியாது. மேட்ச் முடிந்த சூட்டில் எழுதுவதை நிறுத்து. ஓபிஎஸ் என்ற திரைப் பதிவு மென்பொருளில் ஆட்டத்தைப் பதிவு செய்துவை. மறுநாள் மாலை, தோற்ற ஒரே ஒரு மேட்சை எடுத்து, நீ செத்த இடங்களை மட்டும் பார். ஒவ்வொரு சாவுக்கும் 10 விநாடி முன்பே நிறுத்தி மூன்று கேள்வி கேள். எதிராளி எங்கே இருக்கலாம் என்று அப்போது எனக்கு என்ன தெரியும்? குறி காட்டும் கிராஸ்ஹேர் தலை உயரத்தில் இருந்ததா, தரையில் கிடந்ததா? அந்த நொடியில் ஏன் வெளியே வந்தேன்? மூன்றாவதற்குத்தான் பதில் எழுதக் கசக்கும். கோபம், அவசரம், சலிப்பு, பயம் என்று இருந்ததை இருந்தபடி ஒரே சொல்லில் எழுது. ஒரு வாரம் எழுதினால் எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். அடுத்த வாரம் அந்த ஒன்றை மட்டும் திருத்து. எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தப் போனால் ஒன்றும் நடக்காது.

உன் ரேங்க்கில் ஆடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அவசரம்தான் வரும். ஸ்பைக் என்ற வெடிகுண்டை உன் அணி நட்டாகிவிட்டது, வெடிக்க 45 விநாடி. எதிரணி அதைச் செயலிழக்க வைக்க முழுதாக 7 விநாடி வேண்டும். வந்தாக வேண்டியவர்கள் அவர்கள். காத்திருக்க வேண்டியவன், அவர்களைத் தேடிக்கொண்டு வெளியே போய்ச் சாகிறான். ஐந்துக்கு நான்கு என்று ஆள் கூடுதலாக இருக்கும்போது தனியாகப் போய் அந்தக் கூடுதலைக் கொடுத்துவிடுவதும், ஒருவனை அடித்துக் குறைத்துவிட்டு அதே மூலையில் மறுபடி தலை நீட்டுவதும் இதே அவசரம்தான். வாண்டல் துப்பாக்கியில் ஒரு குண்டு தலையில் பட்டால் எவ்வளவு தூரத்திலும் ஆள் விழுவான். ஆனால் நடந்துகொண்டே சுட்டால் குண்டு குறிக்குப் போகாது, நின்றுதான் சுட வேண்டும். எய்ம் வரவில்லை என்று நீ எழுதுவதில் பாதி, நிற்கப் பொறுமையில்லாமல் சுட்டதாக இருக்கும். பதிவைப் பார்த்தால் உனக்கே தெரியும்.

டில்ட் ஆகும்போது கோபம் முதலில் தெரிவது துப்பாக்கி வாங்கும் இடத்தில். தோற்ற ரவுண்டுக்கு 1900 கிரெடிட் (ஆட்டத்துக்குள் செலவழிக்கும் பணம்) வரும், அடுத்தடுத்துத் தோற்றால் 2400, 2900 என்று கூடும். வாண்டல் 2900, முழுக் கவசம் 1000. மற்ற நால்வரும் சேமிக்கிற ரவுண்டில் நீ மட்டும் கையிலிருப்பதைக் கொட்டி எதையாவது வாங்கினால், அடுத்த ரவுண்டில் அவர்களிடம் வாண்டல் இருக்கும், உன்னிடம் இருக்காது. வாங்கும் முன் மற்றவர்களின் கிரெடிட்டைப் பார். பார்க்கக்கூடத் தோன்றவில்லை என்றால் டில்ட் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்.

ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னால் துப்பாக்கி வாங்க 30 விநாடி கிடைக்கிறது. உன் தியானம் வரவேண்டிய இடம் அது. 10 விநாடிக்குள் வாங்கி முடித்துவிட்டு மவுஸிலிருந்து கையை எடு. நான்கு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு. இரண்டு தடவை போதும். மூச்சை நீட்டி விடும்போது இதயத் துடிப்பு இறங்கும், அதனால் விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும். கூடவே தாடையையும் தோளையும் தளர்த்து. மவுஸை இறுக்கிப் பிடித்தால் முன்கைத் தசை விறைத்து, சின்ன அசைவு பெரிதாகி, கிராஸ்ஹேர் தலையைத் தாண்டிப் போய்விடும். கடைசியாக அந்த ரவுண்டுக்கு ஒரே ஒரு வேலையை மனதுக்குள் சொல்லிக்கொள்: 'நின்று சுடுவேன்' அல்லது 'ஸ்பைக் நட்டபின் நகரமாட்டேன்'. காலை 20 நிமிடத்தை 5 நிமிடமாகக் குறைத்து, ஆட உட்காரும் முன் செய். காலையில் அமைதியாக இருந்துவிட்டு ராத்திரி மேசையைக் குத்துகிறவனுக்கு அந்த 20 நிமிடத்தால் பலனில்லை.

1 மணி வரை ஆடுவதை விடு. கை பழகியது தூக்கத்தில்தான் உறுதிப்படும். தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு நான்காவது, ஐந்தாவது மேட்ச் போடுகிறவன் தவறுகளைத்தான் பழகிக்கொள்கிறான். தொடர்ந்து இரண்டு மேட்ச் தோற்றால் அன்றைக்கு ரேங்க் ஆட்டம் முடிந்தது.

நேரத்தை இப்படி வை. 7.30-க்கு உட்கார். ஒரு மேட்ச் 40 நிமிடம் வரை இழுக்கும், 12-12 என்று ரவுண்டு சமமானால் இன்னும் நீளும். ஆகவே இரண்டு மேட்ச்சோடு சரி, 9 மணிக்குப் பிறகு புதிதாக எதிலும் நுழையாதே. நடுவில் எழுந்து போனால் உன்னோடு ஆடும் நான்கு பேர் பாதிக்கப்படுவார்கள், அதுவும் தப்பு. சாப்பிட்டுவிட்டு அம்மாவோடு உட்கார், போன் கையில் இருக்கட்டும். நீயாக அப்பாவை அழைக்காதே, வண்டி ஓடிக்கொண்டிருக்கும். அவர் நிறுத்திவிட்டு அழைப்பதுதான் பாதுகாப்பு, காத்திருக்க வேண்டியது நீதான். போன் வந்ததும் வாசலுக்குப் போய்ப் பேசு. சாப்பிட்டாரா, லோடு எவ்வளவு, டயர் எப்படி இருக்கிறது என்று கேள். இத்தனை நாள் ஏன் எடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடு. தூங்கிவிட்டேன் என்ற பொய் வேண்டாம்.

பேசி முடித்தபின் மனமிருந்தால் ஒரு மேட்ச், 11.30-க்குள் படுக்கை. செக்போஸ்ட்டில் வரிசை நீண்டு அவர் போன் தாமதமானால் அதுவரை விளையாட்டின் பயிற்சி ரேஞ்சில் நின்று சுடப் பழகு, அதை எந்த நொடியிலும் விட்டுவிட்டு எழலாம். 11 மணி வரை போன் வரவில்லையென்றால் அன்றைக்கு மூன்றாவது மேட்ச் கிடையாது.