வேனுக்குள் இரவு ஹீட்டர்: கேஸா, டீசலா?

நவம்பரில் லடாக்கின் லே நகருக்குப் போகிறோம், டீசல் வேனில் தூங்க எந்த ஹீட்டர் என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்காமல் டீசலே போடுங்கள். நம் சமையல் கேஸில் பியூட்டேன்தான் அதிகம். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அது சரியாக ஆவியாகாது. விடியற்காலை, குளிர் உச்சத்தில் இருக்கும்போதுதான் தீ சுருங்கும்.

டீசலை வண்டி டேங்கிலிருந்தே எடுக்கலாம். ஆனால் சமவெளியில் நிரப்பியது கடுங்குளிரில் மெழுகாகத் திரண்டு ஃபில்டரை அடைக்கும். லடாக்குக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019இல் கொண்டுவந்தது. மேலே போனதும் அதை நிரப்புங்கள்.

அப்புறம், லே இருக்கும் 3,500 மீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் குறைவு, பர்னரில் கரி பிடிக்கும். உயரத்துக்கேற்ப டீசல் அளவைக் குறைக்கும் மாடலாக வாங்குங்கள். புகைக்குழாய் வெளியே போகட்டும். கார்பன் மோனாக்சைடு அலாரத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், தலைமாட்டிலேயே மாட்டுங்கள்.