கேள்வி – பதில்: காலை ஆறு மணியும் நாற்பது மீட்டரும்

கேள்வி: நெடுங்காலமாக ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் வைத்திருப்பவன் நான். தினமும் காலை ஆறு மணிக்கு நாற்பது மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்) மதுரை, கோவை நண்பர்களோடு தமிழில் பேசுவது வழக்கம். பெங்களூரிலேயே தங்கிவிட்ட எனக்கு ஊரோடு மிச்சமிருக்கும் ஒட்டுதல் அந்த அரை மணி நேரம்தான். அக்டோபர் இறுதியில், முடிந்த அளவு நிலையங்களோடு தொடர்புகொண்டு புள்ளி சேர்க்கும் வானொலிப் போட்டிக்காரர்கள் வந்து எங்கள் குரலின் மேலேயே ‘ஃபைவ் நைன்’ (நன்றாகக் கேட்கிறது) என்று முழங்குகிறார்கள். சென்ற ஆண்டு பொறுக்க முடியாமல் நண்பர் ஒருவர் அவர்கள் மேல் வெறும் கேரியரை (குரலில்லாத வெற்று அலையை) ஏற்றிவிட்டார். எங்கள் பக்கம் நியாயம் இல்லையா?
— ஓய்வுபெற்ற வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: ஐயா, பேச்சு நடந்துகொண்டிருக்கும் இடத்தில் வேறொருவர் அழைப்பு விடுப்பது தவறு, அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் உங்கள் நண்பர் செய்தது அதைவிடப் பெரிய தவறு. வேண்டுமென்றே இடையூறு செய்வது உரிம விதிகளுக்கே புறம்பானது. நடந்த தவறை எடுத்துச் சொல்லும் தகுதியையும் அது நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது.

அக்டோபரின் கடைசி முழு வார இறுதியில் நடப்பது ‘சிக்யூ வேர்ல்ட் வைட்’ குரல் போட்டி. அது உலக நேரப்படி சனிக்கிழமை பூஜ்ய மணிக்கு, அதாவது நமக்குக் காலை 5:30-க்குத் தொடங்கி 48 மணி நேரம் ஓடும். நம் நாற்பது மீட்டர் பேண்டின் அகலமோ 7000 முதல் 7200 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டுமே. ஒரு குரலுக்குச் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் தேவை; கீழ்ப்பகுதியை மோர்ஸுக்கும் டிஜிட்டலுக்கும் விட்டுவிட்டால் ஐம்பது பேச்சுகளுக்கு இடம் தேறுவதே கடினம். அதற்குள் உலகமே வந்து நிற்கிறது.

உங்கள் மேல் வந்து அழைப்பவர் உங்களைக் கேட்டும் கேட்காததுபோல் இருக்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இத்தாலியில் இருப்பவருக்கு உங்கள் கம்பி ஆண்டெனாவின் ஒலி இரைச்சலுக்குள் அமிழ்ந்திருக்கலாம். அவர் ‘இந்த அதிர்வெண் பயன்பாட்டில் உள்ளதா’ என்று ஆங்கிலத்தில் கேட்கும் அந்த இரண்டு விநாடியில் நாம் தமிழில் பேச்சைத் தொடர்ந்தால் அவருக்குப் பதில் கிடைத்ததாகாது. உடனே உங்கள் அழைப்புக்குறியைச் சொல்லி, ‘யெஸ், இன் யூஸ்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலோர் நகர்ந்துவிடுவார்கள்.

போட்டி நடக்காத பேண்டுக்குப் போங்கள் என்று யாரேனும் உங்களுக்கு அறிவுரை சொல்லியிருப்பார்கள். அதிர்வெண்களைப் பங்கிட்ட 1979 உலக வானொலி மாநாட்டில் கிடைத்த 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகளில் போட்டி நடத்துவதில்லை என்பது உண்மைதான். ஆனால் 10-இல் குரலுக்கு இடம் தருவது வழக்கமில்லை. 18-இலும் 24-இலும் பெங்களூரிலிருந்து கிளம்பும் அலை மதுரையின் தலைக்கு மேலே தாவி எங்கோ போய் இறங்கும். உங்களுக்கு அது உதவாது.

உதவுவது கடிகாரம். அந்த நாட்களில் பெங்களூரில் சூரியன் ஆறேகால் மணியளவில் உதிக்கிறது. ஐரோப்பாவில் இன்னும் இருட்டு. நம் போட்டிக்காரர்களுக்கு நாற்பது மீட்டரில் ஐரோப்பா கிடைக்கும் பொன்னான வேளை அது. வெயில் ஏற ஏற அந்த வழி தேய்ந்துவிடும். அதே வெயில் மதுரையை உங்களுக்கு இன்னும் பலமாகக் கொண்டுவரும், ஏனெனில் சில நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு இந்தப் பேண்ட் நன்றாக வேலை செய்வது பகலில்தான். அந்தப் போட்டியில் சொந்த நாட்டுத் தொடர்புக்குப் புள்ளியும் கிடையாது என்பதால், நம் நாட்டவர் பகலில் 21, 28 மெகாஹெர்ட்ஸுக்குத்தான் போவார்கள். அந்த இரண்டு நாள் மட்டும் உங்கள் அரை மணியை எட்டரைக்கு மாற்றிப் பாருங்கள் ஐயா. விட்டுக்கொடுத்ததாக நினைக்க வேண்டாம். மதுரை நண்பரின் குரல் அப்போது கூடுதல் தெளிவாகவே கேட்கக்கூடும்.

கேள்வி: எங்கள் கல்லூரிக் குழு போட்டியில் காலியாக இருந்த இடத்தில்தான் அழைத்துக்கொண்டிருந்தது. ‘இருபது வருடமாக எங்கள் நெட் (குழுப் பேச்சு) நடக்கும் இடம் இது, நகருங்கள்’ என்றார் ஒரு பெரியவர். நகரத்தான் வேண்டுமா?
— மாணவி, ராஜாஜிநகர், பெங்களூரு

பதில்: விதிப்படி வேண்டியதில்லை. எந்த அதிர்வெண்ணும் யாருக்கும் பட்டா போட்டுத் தரப்படவில்லை. ஆனாலும் நகருங்கள் என்றே சொல்வேன். அவர்கள் ஆறேழு பேர் குறித்த நேரத்துக்கு ஒரே இடத்தில் கூட வேண்டியவர்கள். உங்களுக்கு மூன்று கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போவதில் ஒரு நிமிடம்தான் நட்டம்.

‘காலியாக இருந்தது’ என்கிறீர்களே, ரிசீவரின் ஃபில்டரை, அதாவது அது கேட்கும் அகலத்தை, எவ்வளவு இறுக்கியிருந்தீர்கள்? போட்டியில் 1.8 கிலோஹெர்ட்ஸுக்குச் சுருக்கிக்கொண்டு கேட்டால் பக்கத்தில் இருப்பவர் காதிலேயே விழமாட்டார். புது இடத்துக்குப் போனதும் 2.4-க்குத் திறந்து, சற்று நேரம் கேட்டு, பிறகு இரண்டு முறை இடைவெளி விட்டு விசாரியுங்கள். பேசுகிற இருவரில் ஒருவர் உங்களுக்குக் கேட்காத தொலைவில் இருக்கலாம். மைக் கெயினையும் (மைக் ஒலியின் அளவையும்) குறையுங்கள். ஒலிபரப்பு அளவு மிகுவதைக் காட்டும் ஏஎல்சி முள் வரம்பைத் தாண்டி நின்றால் உங்கள் குரல் அக்கம்பக்கத்து இரண்டு பேச்சுகளையும் கெடுக்கும்.

ஒன்றை மட்டும் இரு தரப்பினரிடமும் கேட்டுக்கொள்கிறேன். நம் பகுதியில் நாற்பது மீட்டரின் பேரிடர்க்கால மைய அதிர்வெண் 7110 கிலோஹெர்ட்ஸ். அக்டோபர் போட்டி வருவது வங்கக் கடலில் புயல் உருவாகும் பருவத்தில். புயல் எச்சரிக்கை உள்ள நாளில் அந்த இடத்தின் அருகே அழைப்பும் வேண்டாம், அரட்டையும் வேண்டாம்.