மின்சைக்கிள் வாங்குவதும் அதில் வலியில்லாமல் உட்காருவதும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். வயது 61. வலது முழங்காலில் தேய்மானம் இருக்கிறது. கடைத்தெரு, நூலகம், கோயில் என்று நாளொன்றுக்கு 12 கிலோமீட்டர் சுற்றுவதற்கு மின்சைக்கிள் வாங்க எண்ணுகிறேன். இருப்பதிலேயே சக்தி மிகுந்த மோட்டாராகப் பார்த்து வாங்கும்படி என் மகன் வற்புறுத்துகிறான். உரிமம் எடுக்க வேண்டியிருக்குமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: உரிமத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் அடங்கிய மின்சைக்கிளை மத்திய மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை; ஆகவே பதிவு எண்ணும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. வரம்பைத் தாண்டிய வண்டியையும் "சைக்கிள்தானே சார்" என்று தள்ளிவிடும் கடைக்காரர்கள் உண்டு என்பதால், வாட் அளவை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகனின் யோசனை குன்னூருக்குப் பொருந்தும், கும்பகோணத்துக்குப் பொருந்தாது. காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் தட்டையாகக் கிடக்கும் ஊரில் மேடு என்று சொல்லிக்கொள்ள ஆற்றுப்பாலங்களை விட்டால் அதிகம் இல்லை. சக்கரத்தின் குடத்திலேயே பொருத்தப்பட்ட ஹப் மோட்டார் அதற்குத் தாராளமாகப் போதும். பெடல் அச்சின் அருகே பொருத்தப்படும் நடு மோட்டார், கியர்களின் வழியாக விசையைச் செலுத்துவதால் மலை ஏறுவதில் கெட்டி. ஆனால் விலையும் அதிகம், செயினும் சீக்கிரம் தேயும்.

உங்கள் முழங்காலுக்கு வாட்டைவிட முக்கியமானது, மோட்டார் எப்போது கைகொடுக்கிறது என்பது. விலை குறைந்த வண்டிகளில் இருக்கும் சென்சார் பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டுமே அறியும் என்பதால், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முதல் அரைச் சுற்றின் பாரம் முழுவதும் காலில் விழுந்த பிறகுதான் மோட்டார் விழித்துக்கொள்ளும். தேய்ந்த மூட்டுக்கு அந்த அரைச் சுற்றுதான் வினை. மிதிக்கும் அழுத்தத்தை அளந்து உடனே உதவும் டார்க் சென்சார் கையிருப்புக்கு எட்டினால் நல்லது. இல்லையென்றால் த்ராட்டில் உள்ள வண்டியாக எடுத்து, கிளம்பும்போது மட்டும் அதைத் திருகிவிட்டுப் பிறகு மிதியுங்கள். காலை உயரத் தூக்கிப் போட வேண்டாதபடி நடுக்கம்பி தாழ்ந்த சட்டமாகவும் இருக்கட்டும். வேட்டி கட்டுபவரானால் இதன் அருமை தனியே சொல்ல வேண்டியதில்லை.

பேட்டரிக்குச் சிறு கணக்கு ஒன்று உண்டு. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-மணி என்றால் 270 வாட்-மணி. மிதித்துக்கொண்டே போனால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-மணியும், த்ராட்டிலை மட்டும் நம்பினால் 15-க்கு மேலும் செலவாகும். உங்கள் 12 கிலோமீட்டருக்கு இது இரண்டு பங்கு வசதி. கூடுதல் பேட்டரிக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல டிஸ்க் பிரேக்கில் போடுங்கள். கடையிலேயே பின்சக்கரத்தைத் தூக்கி, மோட்டாரைச் சுழலவிட்டு, பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். பிடித்த கணமே மோட்டார் துண்டிக்கப்பட வேண்டும். ஒரு நொடி கழித்து நின்றாலும் அந்த வண்டி வேண்டாம்.

கேள்வி: அலுவலகத்துக்கு 9 கிலோமீட்டர் மின்சைக்கிளில் போய்வருகிறேன். இரண்டே மாதத்தில் உட்காரும் இடத்தில் வலி தொடங்கியது. ஜெல் உறை வாங்கிப் போட்டபின் வலியோடு மரத்துப்போவதும் சேர்ந்துகொண்டது. சாதாரண சைக்கிளில் இப்படி இருந்ததில்லையே? (வாசகி, கோவை)

பதில்: விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. சாதாரண சைக்கிளில் காலை அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் உடலின் எடையில் ஒரு பங்கு பெடலுக்கு இறங்கிவிடும்; மேட்டில் எழுந்து நின்று மிதிப்போம். மின்சைக்கிளில் மோட்டார் அந்த வேலையைப் பார்த்துக்கொள்வதால் கால் சும்மா சுற்ற, முழு எடையும் சீட்டில் அமர்ந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, வேகத்தடையைக்கூட உட்கார்ந்தபடியே கடக்கிறோம்.

ஜெல் உறையை இன்றே கழற்றிவிடுங்கள். நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகள். மெத்தை மிக மென்மையாக இருந்தால் அந்த முனைகள் அதற்குள் புதைந்துபோக, நடுவில் பிதுங்கி எழும் ஜெல் நரம்பும் இரத்தக்குழாயும் ஓடும் மென்மையான பகுதியை அழுத்தும். மரத்துப்போவது அதனால்தான். கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து மெத்தென்றிருப்பதை வாங்குகிற நம் வழக்கம் தலையணைக்குச் சரி.

தேவை சரியான அகலம். நெளிவு அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, தாழ்வான கெட்டி முக்காலியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்து சற்று முன்னால் குனிந்து ஒரு நிமிடம் இருங்கள். எழுந்தபின் சாக்பீஸைப் படுக்கவைத்து அட்டை முழுவதும் லேசாகத் தேய்த்தால், குழிவிழுந்த இரண்டு இடங்கள் மட்டும் வெள்ளை படாமல் நிற்கும். அவற்றின் மையங்களுக்கு இடையிலுள்ள தூரத்தோடு 2 முதல் 3 சென்டிமீட்டர் கூட்டினால் உங்களுக்கான சீட்டின் அகலம் கிடைக்கும். முதுகை நிமிர்த்தி ஓட்டுபவரானால் இன்னும் ஒரு சென்டிமீட்டர் சேர்க்கலாம். பெண்களுக்கு இந்தத் தூரம் பொதுவாக ஆண்களைவிடக் கூடுதல் என்பதால் வண்டியோடு வரும் ஒல்லிச் சீட்டு பலருக்கும் ஒத்துவருவதில்லை. நடுவில் பள்ளமோ திறப்போ உள்ளதாக எடுங்கள்.

புதுச் சீட்டு வாங்குமுன் பழையதையே சரிப்படுத்திப் பார்ப்பது சிக்கனம். பெடல் கீழே இருக்கும்போது குதிகால் அதன்மேல் படிந்து முழங்கால் நேராக நீண்டால் உயரம் சரி. அதைவிட உயர்ந்தால் இடுப்பு இடமும் வலமும் ஆடி உராயும். சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருந்தால் மட்டமாக்குங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாமல், ஒன்றை மாற்றி மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் மரப்பு நீடித்தால் மருத்துவரிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

கேள்வி: தோல் சீட்டு வாங்கலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இங்கிலாந்தின் புரூக்ஸ் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து செய்துவரும் வகையில் மெத்தையே கிடையாது, இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தடித்த தோல், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் உட்காருபவரின் உருவத்துக்குப் பழகிக்கொள்ளும். நம் தாத்தாக்களின் கறுப்பு சைக்கிளில் இருந்த ஸ்பிரிங் சீட்டும் ஏறக்குறைய இதே குலம்தான். பொறுமை இருந்தால் வாங்கலாம். ஆனால் நனைந்த தோலின்மேல் உட்கார்ந்தால் அது தொய்ந்துவிடும். உங்கள் ஊரிலோ இரண்டு பருவமழையும் பெய்கிறது. ஒரு பாலித்தீன் பையைச் சுருட்டி எப்போதும் சீட்டின் அடியில் செருகி வைத்திருங்கள்.