பேனல்ல இடம் இல்ல, சின்ன ஃபியூஸ் சுவிட்ச் போடலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க பேனல்ல ஒவ்வொரு மோட்டாருக்கும் பழைய பெரிய சுவிட்ச் ஃபியூஸ் யூனிட் இருக்கு, புதுசா 4 ஃபீடர் (மோட்டாருக்குப் போற தனி லைன்) சேக்க இடம் பத்தல. டின் ரெயில்ல, அதாவது பேனலுக்குள்ள இருக்கற உலோகப் பட்டையில மாட்டுற சின்ன ஃபியூஸ் ஹோல்டரா மாத்திடலாமா சார்? அதுவும் இழுத்தா திறக்குது, தள்ளுனா மூடுது, அதையே டிஸ்கனெக்ட்டா வெச்சுக்கலாம்தானே?

பதில்: வேண்டாம். இந்த "இழுத்தா திறக்குது"தான் நிறைய பேரை ஏமாத்துது. அந்த இழுப்பு ஃபியூஸை மாத்துறதுக்கு, ஓடுற லோடை கட் பண்றதுக்கு இல்ல. மோட்டார் ஓடும்போது இழுத்தீங்கன்னா கான்டாக்ட் பிரியற வேகம் உங்க விரலோட வேகம்தான், மெதுவா இழுத்தா ஆர்க்கும் (கான்டாக்ட் பிரியும்போது நடுவுல வர்ற தீப்பொறி) கூடவே நீண்டுக்கிட்டு வரும். லோடு ஓடும்போதே கட் பண்றதுக்குன்னு செஞ்ச நல்ல லோடு பிரேக் சுவிட்ச்ல நீங்க ஹேண்டிலை எவ்வளவு சோம்பேறித்தனமா திருப்புனாலும் ஒரு கட்டத்துக்கு மேல ஸ்பிரிங் டக்குனு தட்டிவிட்டுடும்.

கண்ணால பாத்தா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், அதனால பக்கவாட்டுல பொடி எழுத்துல போட்டிருக்கறதைப் படிங்க. சுவிட்சுகளுக்கான சர்வதேச தர விதியான ஐஇசி 60947-3 படி ஏசி-20ன்னு இருந்தா லோடு இல்லாதப்ப மட்டும்தான் திறக்கணும், ஏசி-21 ஹீட்டர் மாதிரி லோடுக்கு, ஏசி-22 கலப்பு லோடுக்கு, மோட்டாருக்கு ஏசி-23. ஏசி-22 சுவிட்சை அதோட ரேட்டிங் கரண்ட்டைப் போல 3 மடங்குக்குத்தான் சோதிச்சிருப்பாங்க, ஏசி-23ன்னா 10 மடங்குல மூடவும் 8 மடங்குல திறக்கவும் தாங்கணும். மோட்டார் ஜாம் ஆகி நின்னா 6, 7 மடங்கு இழுக்கும், சரியா அந்த நேரத்துலதான் யாராவது பதறிப்போய் ஹேண்டில்ல கை வெப்பாங்க! இன்னொண்ணு, ஒரே சுவிட்சுக்கு ஏசி-22ல ஒரு ஆம்ப்ஸ், ஏசி-23ல அதைவிட கம்மியா ஒரு ஆம்ப்ஸ்னு போட்டிருக்கலாம், பெரிய நம்பரை மட்டும் பாத்து ஆர்டர் போட்டுடாதீங்க.

ஆஃப் பண்ணினதும் ஃபியூஸோட ரெண்டு முனையும் சப்ளையில இருந்து பிரியற மாடலா பாத்து வாங்குங்க. ஒரு பக்கம் மட்டும் பிரியற மாடல்ல எவனாவது இன்கமிங்கை (சப்ளை வர்ற வயரை) கீழ கொடுத்துட்டா ஹேண்டில் ஆஃப்ல இருக்கும், ஃபியூஸ்ல கரண்ட் இருக்கும், மாத்தப் போறவன் கதி என்ன?

கேள்வி: இடம்தான் பிரச்சனைன்னா எம்சிபி இன்னும் சின்னதாச்சே, ஃபியூஸையே ஏன் கட்டிக்கிட்டு அழணும்?

பதில்: உங்க பேனலுக்கு எவ்வளவு ஷார்ட் சர்க்யூட் கரண்ட் வருதுன்னு முதல்ல கணக்கு போடுங்க. 1000 கேவிஏ, 400 வோல்ட், 5 சதவீத இம்பீடன்ஸ் (உள்ளுக்குள்ள இருக்கற தடை) உள்ள டிரான்ஸ்ஃபார்மர்னு வெச்சுக்கங்க, ஃபுல் லோடு கரண்ட் சுமார் 1443 ஆம்பியர், அதை 0.05ஆல வகுத்தா கிட்டத்தட்ட 29 கிலோ ஆம்பியர். நீளமான கேபிள் இருந்தா குறையும், பேனல் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துலயே இருந்தா பெருசா குறையாது. 10 கிலோ ஆம்பியர் வரைக்கும் மட்டும் கட் பண்ற எம்சிபி தனியா அங்க நிக்காது. எச்ஆர்சி ஃபியூஸ் (பெரிய ஷார்ட்டையும் கட் பண்ற வகை) 80, 100 கிலோ ஆம்பியர் வரைக்கும் பாத்துக்கும், அதோட ஷார்ட் பெருசா இருந்தா கரண்ட் முதல் உச்சத்தைத் தொடறதுக்கு முன்னாடியே உருகிடும், அதனாலதான் கீழ இருக்கற, மோட்டாரை ஆன் ஆஃப் பண்ற கான்டாக்டர் பொழைக்குது. என்னைக் கேட்டா ஃபியூஸை இன்னும் வெச்சிருக்கறதுக்கு இந்த ஒரு காரணம் போதும்.

ஆனா அந்த 100 கிலோ ஆம்பியர் ஃபியூஸோடது, சுவிட்சோடது இல்ல. எந்த ஃபியூஸ் போட்டா சுவிட்ச் எவ்வளவு தாங்கும்னு சுவிட்சோட கேட்டலாக்ல தனியா இருக்கும், அதைப் பாருங்க. மோட்டாருக்கு ஏஎம் (aM) வகை ஃபியூஸ் போட்டா ஸ்டார்ட்டிங் கரண்ட்டுக்கு உருகாது, சின்ன சைஸே போதும், ஆனா அது ஷார்ட்டுக்கு மட்டும்தான், ஓவர்லோடை கண்டுக்காது, ஓவர்லோடுக்குன்னு தனியா ரிலே கண்டிப்பா வேணும். ஜிஜி (gG)ன்னு சொல்ற பொது உபயோக வகைன்னா ஸ்டார்ட்டிங்குக்காக ஆம்ப்ஸைக் கூட்டிப் போட வேண்டி வரும். ஃபியூஸோட குறையையும் சொல்லிடறேன், ஒரு ஃபேஸ் ஃபியூஸ் மட்டும் போனா மோட்டார் மீதி ரெண்டுல முக்கிக்கிட்டு ஓடி எரியும், அதனால ஃபேஸ் ஃபெயிலியரைப் பிடிக்கற ரிலேயா பாத்து போடுங்க.

கேள்வி: சின்ன ஃபியூஸ் சுவிட்ச் மாடல்களை ஒட்டி ஒட்டி வரிசையா மாட்டலாமா?

பதில்: மாட்டலாம், சூட்டை கணக்குல எடுத்துக்கிட்டா. ஃபியூஸ்னாலே சூடாகும். 10×38 சைஸ் (விட்டம் × நீளம், மில்லிமீட்டர்ல) ஜிஜி ஃபியூஸ் ஒண்ணு அதிகபட்சம் 3 வாட், 14×51 5 வாட், 22×58 9.5 வாட். 22×58ல மூணு ஃபேஸ் ஃபீடர் 6 வெச்சா, எல்லாம் ஃபுல் லோடுல ஓடுனா, 171 வாட், மூடுன பெட்டிக்குள்ள ஒரு சின்ன ஹீட்டரே வெச்ச மாதிரி. ஒட்டி வெச்சா எவ்வளவு ஆம்ப்ஸ் குறைக்கணும்னு கேட்டலாக்ல டேபிள் இருக்கும், இடைவெளி விட்டா குறைக்கற அளவும் கம்மியாகும். அப்புறம் டெர்மினலை டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு இறுக்கற ஸ்பேனர்) வெச்சு இறுக்குங்க, லூஸா இருந்தா அங்க வர்ற சூட்டுலயே, எந்த ஃபால்ட்டும் இல்லாம ஃபியூஸ் போயிடும், நீங்க ஃபியூஸ் சரியில்லன்னு திட்டிக்கிட்டு இருப்பீங்க.