வயிற்றைக் கலக்கும் கொரோனா: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

இருமல், சளி பற்றிக் கேட்டவர்களைவிட வயிறு பற்றிக் கேட்டவர்கள்தான் இந்த முறை அதிகம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

என் கணவருக்கு இரண்டு நாள் வயிற்றால் போனது. வெளியில் சாப்பிட்ட பிரியாணிதான் காரணம் என்று இருந்துவிட்டோம். மூன்றாம் நாள் காய்ச்சல், பரிசோதனையில் கொரோனா. இருமலே இல்லாமல் இப்படி வருமா?
(பாலக்கோடு வாசகி)

வரும். இந்த வைரஸ் உடம்புக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏசிஇ-2 என்ற புரதம் நுரையீரலில் மட்டும் இல்லை, சிறுகுடலின் உட்சுவரில் ஏராளமாக இருக்கிறது. அதனால் சிலருக்கு வயிறுதான் முதலில் சொல்லும். பசியே எடுக்காமல் போவது, குமட்டல், வாந்தி, பேதி, வயிற்றுவலி எல்லாம் இதில் சேர்த்தி. அதற்காகப் பேதி போகிறவர்களுக்கெல்லாம் கொரோனா என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் வெறும் பேதிக்கு இன்றைக்கும் முதல் காரணம் கெட்டுப்போன உணவும் தண்ணீரும்தான். கூடவே காய்ச்சல், உடம்புவலி, வாசனை தெரியாமல் போவது, வீட்டில் இன்னொருவருக்கும் அதே தொல்லை என்று இருந்தால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மாமனாருக்கு 68 வயது. கொரோனாவோடு ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை போகிறது. கடையில் விற்கும் ஓஆர்எஸ் டப்பா வாங்கிக் கொடுத்தேன். போதுமா?
(அரூர்)

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பேதியால் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் உடம்பிலிருந்து இறங்கிப்போகும் நீரும் உப்பும்தான். பலரும் பேதியை நிறுத்த மாத்திரை தேடுகிறார்கள். முதலில் தேட வேண்டியது ஓஆர்எஸ் பொட்டலம்.

அட்டை டப்பாவில் ஆரஞ்சு, ஆப்பிள் சுவையில் வந்தவற்றில் பல, சர்க்கரை தூக்கலான வெறும் பானங்கள். உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவில் இல்லாத பானத்துக்கு ஓஆர்எஸ் என்று பெயர் வைக்கக் கூடாது என 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. சர்க்கரை அதிகமானால் குடல் இன்னும் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் தூள் பொட்டலமே சரியானது. ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம் என்று அளந்து வைத்தது அது. பொட்டலத்தில் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ, அத்தனையில் முழுவதையும் கொட்டிக் கரையுங்கள். டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று பிரித்துப் போட்டால் அளவு கெட்டுவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்க வேண்டாம். பொட்டலம் கைவசம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

ஒவ்வொரு முறை போன பிறகும் ஒன்றிலிருந்து இரண்டு டம்ளர். வாந்தி இருந்தால் பத்து நிமிடம் விட்டு, வாய் வாயாக.

உங்கள் மாமனார் வயதில் இன்னொன்றையும் பாருங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவராக இருந்தால், இந்த நிலையில் அவற்றைத் தொடரலாமா என்று டாக்டரிடம் அன்றைக்கே கேளுங்கள். நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். ஆறு மணி நேரமாக மூத்திரம் போகவில்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது, பேச்சு குழறுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் 108-ஐ கூப்பிடுங்கள். வீட்டு வைத்தியம் அதோடு நிற்கட்டும்.

கொரோனாவுக்கு மெடிக்கலில் ஐந்து மாத்திரை சேர்த்துக் கொடுத்தார்கள். சாப்பிட்டதிலிருந்து வயிறு எரிகிறது, பேதியும் ஆரம்பித்துவிட்டது. கபசுரக் குடிநீரும் இரண்டு வேளை குடிக்கிறேன்.
(ஓசூர், சிப்காட் தொழிலாளி)

உங்கள் பேதிக்கு வைரஸைவிட அந்த மாத்திரைப் பொட்டலத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களைத்தான் கலைக்கும். டாக்டர் பார்த்து எழுதாத ஆன்டிபயாடிக் உங்களுக்குத் தேவையில்லை. வெறும் வயிற்றில் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை போட்டால் எரியத்தான் செய்யும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆறு மணி நேர இடைவெளி விடுங்கள். அந்த ஐந்தில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று அட்டையை எடுத்துப்போய் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். பல நாள் சாப்பிட்டிருந்தால் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

கபசுரக் குடிநீரில் சுக்கு, திப்பிலியோடு கடுக்காயும் இருக்கிறது. கடுக்காய் மலமிளக்கி என்று நம் பாட்டிகளுக்கே தெரியும். பேதி நிற்கும்வரை அதை ஒதுக்கி வையுங்கள்.

களி சாப்பிடலாமா?
(காரிமங்கலம்)

நம் பக்கம் இதைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பேதி இருக்கும்போது உருண்டைக் களி வேண்டாம். நார்ச்சத்து அதிகம், நொந்திருக்கும் குடலுக்குப் பாரம். கேழ்வரகை நன்றாக வேகவைத்து, வடிகட்டி, உப்புப் போட்டுக் கஞ்சியாகக் குடியுங்கள். அரிசிக் கஞ்சி, மோர், வாழைப்பழம், இட்லி எல்லாம் சரி. பட்டினி மட்டும் போடாதீர்கள். நின்று இரண்டு நாளானதும் களியும் கீரையும் தாராளமாக.

மலத்தில் வைரஸ் இருக்குமாமே? வீட்டில் ஒரே கழிப்பறை. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?
(பென்னாகரம்)

மூக்கில் பரிசோதனை நெகட்டிவ் ஆன பிறகும் சிலருக்கு மலத்தில் வைரஸின் மரபணுத் துண்டுகள் வாரக்கணக்கில் தெரியும். ஆனால் தொற்று முக்கியமாகப் பரவுவது மூச்சுக்காற்றில்தான். கழிப்பறையை பிளீச்சிங் போட்டுக் கழுவி, ஜன்னலைத் திறந்து வைத்து, சோப்பால் கை கழுவினால் போதும்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நம் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஃப்ளோரைடு மிகுந்த தண்ணீரே வயிற்றுப் பொருமலும் வலியும் தரும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வரும் ஊராக இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடியுங்கள்.

எட்டு வயது மகனுக்குக் கொரோனா வந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது திரும்பவும் காய்ச்சல், வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுக்கிறான். கண்ணும் சிவந்திருக்கிறது.
(காவேரிப்பட்டினம்)

இதைப் படித்ததும் கிளம்புங்கள் அம்மா. கொரோனா வந்து இரண்டிலிருந்து ஆறு வாரத்தில், குழந்தைகளுக்கு அபூர்வமாக உடம்பு முழுக்க அழற்சி வரும். குடல்வால் வலி போலவே தெரியும், இதயத்தையும் தாக்கும். சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுவார்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், முன்பு கொரோனா வந்ததையும் தேதியோடு சொல்லுங்கள்.

கொரோனா போய் நாலு மாதமாகியும் சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது, உடனே கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது.
(ஊத்தங்கரை)

குடல் தொற்றுக்குப் பிறகு சிலருக்கு இப்படி நீடிக்கும். பால், காபி, எண்ணெய்ப் பலகாரத்தை இரண்டு வாரம் குறைத்துப் பாருங்கள். சீசன் என்று ஒரே மூச்சில் நாலு மாம்பழம் சாப்பிடுவதையும்தான். உடம்பு இளைக்கிறது, இரத்தம் போகிறது, தூக்கத்திலிருந்து எழுப்பிக்கொண்டு போகிறது என்றால் அது வேறு விஷயம். நேரில் காட்ட வேண்டும்.

மலம் கறுப்பாகப் போகிறது.
(பெயர், ஊர் எழுதவில்லை)

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் அப்படிப் போகும். அது சாப்பிடாமல், தார் மாதிரி ஒட்டிக்கொண்டு கெட்ட வாடையோடு போனால் வயிற்றுக்குள் இரத்தக் கசிவு இருக்கலாம். கொரோனாவுக்காக இரத்தம் உறையாமல் இருக்க மருந்தோ ஸ்டீராய்டோ எடுத்திருந்தால் இன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.