699 ரூபாய்க்கு 'லைஃப்டைம்' விண்டோஸ்: வாங்கலாமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னதாக ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடை கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கு இனி அப்டேட் வராது என்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் பார்த்தேன்: விண்டோஸ் 11 ப்ரோவும் ஆபீஸ் 2021 புரொஃபஷனல் பிளஸ்ஸும் சேர்த்து 699 ரூபாய், ஃபோட்டோஷாப் 999 ரூபாய், எல்லாமே 'லைஃப்டைம்'. பக்கத்துத் தெரு கடைக்காரர் வாங்கி எட்டு மாதமாக நன்றாக ஓடுகிறதாம். நம்பி வாங்கலாமா?

பதில்: முதலில் ஃபோட்டோஷாப்பை முடித்துவிடுவோம், அது சுலபம். அடோபி நிறுவனம் 2013-லேயே சந்தா முறைக்கு மாறிவிட்டது. ஒரே தடவை காசு கொடுத்து வாங்கக் கிடைத்த கடைசி ஃபோட்டோஷாப் சிஎஸ்6தான். அதன் விற்பனையும் 2017-ல் நின்றுபோனது. (ஃபோட்டோஷாப் எலிமென்ட்ஸ் என்று ஒன்று உண்டு, அது வேறு சரக்கு.) தயாரித்தவரே விற்காத ஒன்றை ஆயுள் முழுதும் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அது கிராக் செய்ததாக, அதாவது உரிமப் பூட்டை உடைத்ததாக இருக்கும், இல்லையென்றால் யாருடைய கணக்கிலோ உங்களை ஏற்றிவிடும் வேலையாக இருக்கும்.

விண்டோஸ் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. இவர்கள் அனுப்பும் கீ, அதாவது சாஃப்ட்வேரை ஆக்டிவேட் செய்யும் குறியீடு, பல நேரம் நிஜமான கீதான். போட்டதும் ஆக்டிவேட் ஆகிவிடும், அப்புறம் யாருக்குச் சந்தேகம் வரும்? ஆனால் விண்டோஸ் 11-ஐ முறையாக வாங்கினால் பத்தாயிரம் ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகும்போது, இவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? அதைத்தான் கேட்க வேண்டும்.

பெரிய கம்பெனிகள் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குச் சேர்த்து ஒரே கீயாக வாங்குவது உண்டு. உள்ளே இருப்பவர் யாராவது அதை வெளியே விட்டால், அது துண்டு துண்டாக விற்பனைக்கு வரும். கம்பெனிக்கோ மைக்ரோசாஃப்டுக்கோ தெரியவந்து கீயை முடக்கினால், ஒருநாள் காலையில் உங்கள் திரையின் வலது மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று வந்து நிற்கும். காயலான் கடைக்குப் போன கம்ப்யூட்டரின் கீயும் விற்பனைக்கு வருகிறது. அந்த உரிமம் அந்த மெஷினோடு சேர்ந்தது, உங்கள் மெஷினுக்குச் செல்லாது. நீங்கள் சொல்லும் புரொஃபஷனல் பிளஸ்ஸும் நம்மைப் போன்ற தனி ஆட்களுக்காகக் கடைக்கு வந்த பதிப்பு அல்ல. அப்படியே வேலை செய்தாலும், ஆபீஸ் 2021-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2026 அக்டோபர் 13-உடன் முடிகிறது. லைஃப்டைம் யாருடைய லைஃப் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்துத் தெரு கடைக்காரரை செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம்' ஆக்டிவேட் ஆனது என்று ஆங்கிலத்தில் இருந்தால், அது ஒரு தடவைக்கு 180 நாள் மட்டும் செல்லும் முறை. ஏதோ ஒரு சர்வரோடு பேசிப் பேசி தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அந்த சர்வர் நின்றால் இதுவும் நிற்கும். வண்ணாரப்பேட்டை ஜெராக்ஸ் கடைக்கு ஏது அப்படி ஒரு நிறுவன சர்வர்?

எனக்குப் பெரிய பயம் இதுவல்ல. கீ வேலை செய்யவில்லை என்றால், "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இந்த ஃபைலை ரன் பண்ணுங்க" என்பார்கள், இல்லையென்றால் உங்கள் கம்ப்யூட்டரை அவர்கள் தூரத்திலிருந்தே இயக்க உதவும் எனிடெஸ்க்கைப் போடச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் பர்மா பஜாரில் வாங்கிய சிடி ஓடவில்லை என்றால் போனது சிடி காசு மட்டும்தான். உங்கள் கம்ப்யூட்டரிலோ ஊர்க்காரர்களின் ஆதார் ஸ்கேன், பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் கிடக்கிறது. 699 ரூபாய்க்காக அதன் சாவியை முகம் தெரியாத ஒருவரிடம் கொடுக்கிறீர்கள்.

சட்டமும் இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டு சாஃப்ட்வேரைத் தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வியாபாரத்துக்கு அல்லாமல் பயன்படுத்தியவருக்குச் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. உங்களுடையது கடை.

உங்களுக்கு விண்டோஸே வாங்க வேண்டியிருக்காது என்பதுதான் வேடிக்கை. வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றது உண்மை. ஆனால் இப்போதுள்ள விண்டோஸ் 10 ஒரிஜினலாக இருந்து கம்ப்யூட்டரும் தாங்கும் என்றால், 11-க்கு இலவசமாகவே மாறலாம். இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல் சரிப்படும். மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' போட்டால் அதுவே சொல்லிவிடும். ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் போட்டுப் பாருங்கள், இலவசம். பழைய வேர்டு ஃபைலில் பக்க அமைப்பு சில இடத்தில் நகரும், பத்திரிகை வடிவமைப்பவருக்கு அது தலைவலிதான், மறைக்கவில்லை. மனு, பயோடேட்டா அடிக்க தாராளமாகப் போதும்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ரிச்சி தெருவோ ஆன்லைனோ, பில் தருவாரா, அதில் பெயரும் முகவரியும் இருக்குமா என்று முதலில் கேளுங்கள். ஜிஎஸ்டி எண் போட்டிருந்தால் ஜிஎஸ்டி தளத்திலேயே சரிபார்க்கலாம். தமிழ்நாட்டில் பதிவானது 33 என்று தொடங்கும். வாட்ஸ்அப் எண்ணும் ஜிபே க்யூஆரும் மட்டும் தருபவர்மேல் நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க முகவரிக்கு எங்கே போவீர்கள்? கடைக்கு வாங்கியதால் வழக்கு போட முடியாது என்று மட்டும் நினைக்காதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்த வாங்கியவரையும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகத்தான் பார்க்கிறது.

கேள்வி: மகளின் காலேஜ் லேப்டாப்புக்காக ஒரு ஷாப்பிங் தளத்தில் 450 ரூபாய்க்கு 'மைக்ரோசாஃப்ட் 365 லைஃப்டைம்' வாங்கினேன். கீ வரவில்லை, யாரோ பெயரில் ஒரு ஐடியும் பாஸ்வேர்டும்தான் வந்தது. ப்ராஜெக்ட் எல்லாம் அதில்தான் சேமித்திருக்கிறாள். பரவாயில்லையா? (திருவொற்றியூரிலிருந்து)

பதில்: இன்றைக்கே எல்லாவற்றையும் பென்டிரைவுக்கு இறக்கிவிடுங்கள், அம்மா. அந்த ஐடி ஏதோ ஒரு நிறுவனத்தின் கணக்குக்குள் உருவாக்கியது. அதன் நிர்வாகி நினைத்தால் பாஸ்வேர்டை மாற்றலாம், ஃபைல்களைத் திறந்து பார்க்கலாம், ஐடியையே அழிக்கலாம். அதே பாஸ்வேர்டை மகள் வேறெங்காவது வைத்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். நிறைய காலேஜ்கள் தங்கள் மெயில் ஐடி மூலம் மாணவர்களுக்கு 365-ஐ இலவசமாகவே தருகின்றன. அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கட்டும்.

பணத்துக்கு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ம் ஆண்டின் இ-காமர்ஸ் விதி. நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வங்கிக் கணக்கிலிருந்தும் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. விளம்பரம், ஆர்டர், வந்த மெசேஜ் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அழையுங்கள். விற்றவர் கடையை மூடினால் அந்தப் பக்கமும் சேர்ந்து காணாமல் போய்விடும்.