ஃப்ளூ பெருந்தொற்று: முதலில் வாங்க வேண்டியது சானிடைசர் அல்ல

கேள்வி: 40 பேர் வேலை பார்க்கும் அச்சகம் நடத்துகிறேன். ஃப்ளூ பெருந்தொற்று மறுபடியும் வரலாம் என்கிறார்கள். முகக்கவசம், சானிடைசர் மொத்தமாக வாங்கி வைத்தால் போதுமா?

பதில்: வாங்கி வையுங்கள், வீண்போகாது. அதற்கு முன் ஒரு தாளில், உங்கள் அச்சகத்தில் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலைகளை எழுதுங்கள். சம்பளக் கணக்கு, வங்கிக் கடவுச்சொல், அடிக்கடி மக்கர் பண்ணும் பழைய இயந்திரத்தை ஓட வைக்கும் சூட்சுமம் என்று பட்டியல் நீளும். தீ விபத்தில் கட்டடம் போகும், இயந்திரம் போகும். ஃப்ளூவில் எல்லாம் அப்படியே இருக்கும்; ஆள்தான் இருக்கமாட்டார்.

அலை உச்சத்தில் இருக்கும் வாரங்களில் 40 சதவீதம் பேர் வரை வராமல் போகலாம் என்று கணக்கில் கொள்ளச் சொன்னது அமெரிக்க அரசின் வழிகாட்டுதல். உங்களுக்கு அது 16 பேர். அத்தனை பேரும் படுத்துவிடுவார்கள் என்றில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், பள்ளிக்கு விடுமுறை, வெறும் பயம், எல்லாம் சேர்ந்துதான் இந்த எண்ணிக்கை.

தடுப்பூசி வந்துவிடுமே என்று இருந்துவிடாதீர்கள். 2009-இல் புதிய எச்1என்1 வைரஸ் ஏப்ரலில் கண்டறியப்பட்டது. அமெரிக்காவில் அதற்கான ஊசி போடத் தொடங்கியது அக்டோபரில். ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ ஊசி புதிய வைரஸிடம் பெரிதாக எடுபடாது.

நான் பிடிவாதமாகச் சொல்வது விடுப்பைப் பற்றி. ஃப்ளூ வந்தவர், அறிகுறி தெரிவதற்கு முந்தைய நாளிலிருந்தே பரப்புவார். அதன்பின் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை பரப்பக்கூடும். சம்பளம் பிடிப்பீர்கள் என்றால், மாத்திரை போட்டுக் காய்ச்சலை அமுக்கிக்கொண்டு அவர் வேலைக்கு வந்து நிற்பார். அவருக்கு ஒரு வாரச் சம்பளம் கொடுப்பது, பிரிவு முழுக்கப் படுப்பதைவிட மலிவு. மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு 24 மணி நேரமாவது ஆன பிறகு வரச் சொல்லுங்கள். மருத்துவச் சான்று கேட்காதீர்கள். அந்தச் சமயத்தில் மருத்துவமனையில் கூட்டம் நெரியும், காகிதத்துக்காக அவரை அங்கே அனுப்புவது அர்த்தமற்றது.

காகிதமும் மையும் தருபவர்களிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். அவர்களிடமும் ஆள் குறையும்.

அடுத்த மாதம் ஒத்திகை பாருங்கள். கணக்காளருக்கு இரண்டு நாள் விடுப்பு கொடுங்கள். என்ன நின்றாலும் அவருக்குப் போன் போடக் கூடாது.